குளியலறைத் தாழ்ப்பாள்

தீபனை நாச்சிமுத்து கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவன் இவருடைய கண்ணாடிக் கடையில், கண் பரிசோதிக்கிற நாற்காலியில் உட்கார்ந்து, லென்ஸை மாற்றி மாற்றிச் செருகிப் பார்க்கிற கனத்த ட்ரையல் பிரேமை மூக்கில் மாட்டிக்கொண்டு, எதிர்ச்சுவரில் இருந்த எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரைக்கும் மூச்சுவிடாமல் வாசித்துக்கொண்டிருந்தான். சட்டத்தில் லென்ஸ் எதுவும் இல்லை. விளையாட்டுக்கு மாட்டியது. "இன்னும் கீழ ஒரு வரி இருக்குதுங்க அங்கிள், படிக்கட்டுங்களா?" என்றான். கீழே வரி ஏது என்று நாச்சிமுத்து திரும்பிப் பார்த்தார். "பலகையை அச்சடிச்சவன் பேரும் ஊரும் போட்டிருக்குதுங்க. பின்கோடு வேணுங்களா?" இத்தனை வருஷமாக அந்தப் பலகையைத் துடைக்கிற அவருக்கு அங்கே அப்படி ஒரு பொடியெழுத்து இருப்பதே தெரியாது. கல்லாவில் சாய்ந்து நின்ற மிதுன், அவருடைய பையன், "கழுகு கெட்டுது போங்க" என்று சிரித்தான். இரண்டு பேரும் கோயம்புத்தூரில் ஒரே கல்லூரி, ஒரே அறை. அன்றைக்கு மத்தியானம் பஸ் ஏறிப் போனார்கள். அப்படிப்பட்ட கண்ணுக்குத்தான், ஒரு மாதம்கூட ஆகாமல், நாலு மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியிலிருந்து பார்த்தபோது தரை ஒரே ஒரு படி கீழே இருப்பதாகத் தெரிந்திருக்கிறது. பறக்கப் பார்த்தான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பறக்கவில்லை, இறங்கினான் என்று மிதுன் பிற்பாடு சொன்னான். டவுன் பஸ்ஸில் ஸ்டாப்பிங் வந்ததும் இறங்குவதுபோல, கைப்பிடிச் சுவரைத் தாண்டி, நிதானமாக, ஒரு காலை முன்னால் வைத்து.

இப்போது குளியலறைக்குள்ளே தண்ணீர் விழுகிறது. பக்கெட்டில் விழுகிற சத்தம் முதலில் தகரமாகக் கேட்டு, இப்போது நிறைய நிறைய அடங்கி வருகிறது. நாச்சிமுத்து முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியைக் குளியலறைப் பக்கம் ஒருக்களித்துப் போட்டு, மடியில் அவரைக்காய் முறத்தை வைத்துக்கொண்டு, நார் உரித்துக்கொண்டிருந்தார். உரிக்கிறதாகப் பேர். காது முழுக்க அந்தக் கதவில்தான். கதவில் புதுத் தாழ்ப்பாள் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, உள்பக்கம் இருக்கிறது, நேற்றுச் சாயந்திரம் அவரே திருகினார். ஆஸ்பத்திரியிலிருந்து பையனைக் கூட்டிவந்த அன்றைக்கு வீட்டிலிருந்த அத்தனை தாழ்ப்பாளையும் அவரேதான் கழற்றிப் போட்டார், படுக்கையறை, குளியலறை, சாமி அறை உட்பட. சாமி அறையில் என்ன ஆகிவிடும் என்று தோன்றியதுதான், இருந்தாலும் கழற்றினார். மாடிப்படிக் கதவுக்கு மட்டும் பூட்டு வாங்கிப் போட்டுச் சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டார். இத்தனை நாளும் மிதுன் குளிக்கும்போது கதவு சும்மா சாத்தியிருக்கும், காற்றடித்தால் ஒரு விரற்கடை திறக்கும், அந்த விரற்கடையில் ஒரு முழங்கையோ முதுகோ தெரிந்தால் போதும். இன்றைக்கு அது இல்லை. சற்று முன் அவன் உள்ளே போய், தாழ்ப்பாள் நகர்கிற சத்தம் கேட்டதே, அந்தச் சத்தம் அவருக்கு வயிற்றில் விழுந்தது. சொம்பு மோந்து ஊற்றுகிற சத்தம். நல்லது. ஊற்றட்டும். ஊற்றுகிறவன் நிற்கிறான் என்று அர்த்தம், நிற்கிறவன் சரியாக இருக்கிறான் என்று அர்த்தம். அப்படித்தானா? மொட்டைமாடியில் தீபனும் நின்றுகொண்டுதானே இருந்தான்.

ஏன் நேற்றுப் போய்த் தாழ்ப்பாள் மாட்டினோம் என்று யோசித்தார். பையன் கேட்டான். "அப்பா, பாத்ரூமுக்காவது தாப்பா போடுங்ப்பா" என்று தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான். கோயம்புத்தூர் டாக்டரம்மாவும் அதைத்தான் சொல்லியிருந்தார். "நீங்க கதவுகிட்டயே நின்னா அவன் எப்பவும் நோயாளிதான். கொஞ்சம் கொஞ்சமா விட்டுப் பாருங்க" என்று. சரிதான். ஆனால் நேற்றுச் சாயந்திரம் திருகியபோது அவர் மனசில் இருந்தது டாக்டரம்மா சொன்னது இல்லை, மிதுன் சொன்ன ஒரு பதில். கண்ணாடிக் கடைக்காரனுக்கு வாயில் ஊறின கேள்வி ஒன்று உண்டு. ஒரு லென்ஸைப் போட்டு, எடுத்து, இன்னொன்றைப் போட்டு, இது தெளிவா, இதுக்கு முன்னாடி இருந்தது தெளிவா என்று கேட்க வேண்டும். எந்தப் படிப்பும் இல்லாமல், ஒரு கடையில் எடுபிடியாக நின்று கண்ணால் கண்டே பழகிக்கொண்ட வேலை அவருக்கு, ஆனால் இந்தக் கேள்விக்கு வருகிற பதிலை எடைபோடுவதை யாரும் கற்றுத்தரவில்லை, அது தானாக வந்தது. சில பேர் எதைப் போட்டாலும் இதுதாங்க தெளிவு என்பார்கள். அவர்களுக்குப் பார்வை தெரியவில்லை, கடைக்காரர் மனசு நோகக் கூடாது என்று சொல்கிறார்கள். இல்லீங்க, முன்னாடி இருந்ததே பரவாயில்லீங்க என்று ஒருவன் எப்போது சொல்கிறானோ அப்போதுதான் அவன் நிஜமாகப் பார்க்கத் தொடங்கியிருக்கிறான். ஆஸ்பத்திரியில் மிதுனுக்குச் சுவர் மூச்சுவிட்டுக்கொண்டிருந்த நாட்களில், பெட்ஷீட்டின் பூக்கள் ஊர்ந்து அவன் கைமேல் ஏறிய நாட்களில், வேறு என்ன பேசுவது என்று தெரியாமல் அவர் இதையே கேட்டார். "கண்ணு, நேத்துத் தெளிவா, இன்னிக்குத் தெளிவா?" முதலில் கைமேல் ஏறிய பூவைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தான். பிறகு கொஞ்ச நாள் "இன்னிக்குங்க, இன்னிக்குங்க" என்றான், கேட்கிறவர் போய்த் தொலையட்டும் என்று சொல்கிற குரலில். வீட்டுக்கு வந்தும் அதே. நேற்றுச் சாயந்திரம் டீ குடித்துக்கொண்டே கேட்டபோதுதான் டம்ளரைக் கீழே வைத்து, ட்யூப் லைட்டைக் கொஞ்ச நேரம் பார்த்து, "நேத்துதாங்ப்பா தெளிவு. இன்னிக்குக் கொஞ்சம் வளையம் தெரியுது" என்றான். நாச்சிமுத்துவுக்கு உடம்பெல்லாம் இலேசானது. பையன் பார்க்கிறான், பார்த்துப் பதில் சொல்கிறான். உடனே போய் டப்பாவில் கிடந்த தாழ்ப்பாளைத் தேடினார். துருப்பிடித்திருந்ததால் கடைவீதிக்குப் போய்ப் புதிதாகவே வாங்கி வந்தார். இப்போது, இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது, அதே பதில் வேறு மாதிரிக் கேட்கிறது. வளையம் தெரிகிறது என்று சொன்ன அன்றைக்கா ஒருத்தன் தாழ்ப்பாள் மாட்டுவான்? நல்ல பதில் என்று சந்தோஷப்பட்டாயே, பதிலில் என்ன இருந்தது என்று பார்த்தாயா? சொம்புச் சத்தம். ஊற்றுகிறான். சரி.

வளையம். முதன்முதலில் அவன் வளையம் என்றபோதும் இவர் பதிலைத்தான் பார்த்தார், பையனைப் பார்க்கவில்லை. லீவுக்கு வந்தவன் சாப்பிட உட்கார்ந்த இடத்தில், "அப்பா, லைட்டச் சுத்தி வளையமா தெரியுதுங்க, கைய ஆட்டுனா பின்னாடியே இன்னும் நாலு கை வருது" என்றான். வேறு எந்த அப்பனாக இருந்தாலும் பயந்திருப்பான். இவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. விழி வளைவில் கோளாறு, சிலிண்டர் பவர் என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டார். கடைக்குக் கூட்டிப்போய், நாற்காலியில் உட்காரவைத்து, லென்ஸைக் கோணம் கோணமாகத் திருப்பி, இதுவா அதுவா என்று அரைநாள் கேட்டார். அவனும் இதுங்க, அதுங்க என்று வாய்க்கு வந்ததைச் சொன்னான். நல்ல சட்டமாகப் பார்த்து மாட்டிக் கொடுத்தார். அடுத்த தடவை வந்தபோதும் வளையம் இருந்தது. கோணத்தில் பிசகு என்று லென்ஸை மாற்றினார். அதற்கடுத்த தடவையும் மாற்றினார். பையன் நாக்கில் போதை மருந்து ஊறின நகத்தளவு தாளை வைத்துச் சுவைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறான், அப்பன் அவன் மூக்குக்கு மேலே கண்ணாடியை மாற்றிக்கொண்டிருக்கிறான். அவன் அம்மா பூங்கொடி இருந்திருந்தால் கண்ணைப் பார்த்திருக்க மாட்டாள், தட்டைப் பார்த்திருப்பாள். ஏன் கண்ணு பாதிச் சோத்த வெச்சுட்ட, தூங்கறியா, யாரு கூடச் சுத்தற என்று மூன்றே கேள்வியில் பிடித்திருப்பாள். அவள் போய்ச் சேர்ந்தபின் இந்த வீட்டில் தட்டைப் பார்க்க ஆளில்லை. அந்தத் தாளுக்கு ஸ்டாம்ப் என்று பேராம். கல்லூரிக்குப் பின்னால் பைக்கில் வருகிற ஒருத்தன் கொடுத்தானாம், இந்த மருந்து அந்த மருந்து என்று ஏதோ பேர் சொல்லி. டாக்டரம்மா தலையாட்டினார். "அவன் சொல்ற மருந்தாவே அது இருக்காதுங்க, பாதி நேரம் வேற ஏதோ சரக்கு. ஒரே தாள்ல ஒரு ஓரத்துல ஒண்ணுமே இருக்காது, இன்னொரு ஓரத்துல நாலு பேருக்கு உண்டானது ஊறிக் கெடக்கும். வித்தவனுக்கே தெரியாது" என்றார். சாம்பாருக்கு உப்புப் போடுகிறவளுக்குக்கூடக் கை அளவு தெரியும். இதில் போட்ட கை எந்த ஊர்க் கை என்றே யாருக்கும் தெரியாது. மொட்டைமாடி ஏறின அன்றைக்கு ஒரே தாளைத் தீபன் கத்தரியால் வெட்டி, ஒரு துண்டு அவனுக்கு, ஒரு துண்டு மிதுனுக்கு. எந்தத் துண்டை யார் எடுத்தது என்பதில் ஒரு நியாயமும் இல்லை. கிட்ட இருந்ததை எடுத்தார்கள்.

"ஏனுங்ண்ணா, ஞாயித்துக்கெழமையும் அவரக்காயா?" வாசலில் மைனாவதி நின்றுகொண்டிருந்தாள். பக்கத்து வீடு. கையில் கண்ணாடி, ஒரு கால் தொங்கிக்கொண்டு. "காலு ஆடுதுங்ண்ணா. சீரியல் பாக்கறப்ப மூக்குல நிக்கமாட்டீங்குது. அழுவற சீன்ல எல்லாம் நழுவிப் போயிருது."

"உக்காரும்மா, ஒரு ஸ்க்ரூதான்" என்றார். முறத்தைக் கீழே வைத்து, சட்டைப் பையிலிருந்த சின்னத் திருப்புளியை எடுத்தார்.

"மிதுனெங்க?"

"குளிக்கறான்."

"நல்லா எண்ணெ தேச்சுக் குளிக்கச் சொல்லுங்க. சூடுதானுங்ண்ணா எல்லாம். எங்க பெரிப்பா பையன் இப்படித்தான், சூட்டுல ரெண்டு நாளு என்னென்னமோ பேசுனான். வெளக்கெண்ணெய உச்சந்தலைல வெச்சா சரியாப் போச்சு." ஊருக்கு அவர் சொல்லியிருப்பது மூளைக் காய்ச்சல் என்று. மைனாவதி அதை நம்பவில்லை என்பது அவருக்குத் தெரியும், நம்பாததைக் காட்டிக்கொள்ளாமல் சூடு என்று ஒரு பேர் வைத்திருக்கிறாள். நல்ல பொம்பளை. ஆனால் குரல் இருக்கிறதே, சந்தைக்குப் போகிற குரல். அவள் பேசப் பேசக் குளியலறைச் சத்தம் எதுவும் காதில் விழவில்லை. "அவிய அத்த வந்திருக்கறாங்க, இட்டேரிச் சந்துல தண்ணி லைன் ஒடஞ்சு போச்சுன்னு," "ம்," "அதுக்கு அந்தக் கவுன்சிலரு சொல்றாரு," "ம்ம்." தலை மயிர் கனம்கூட இல்லாத திருகாணி கையில் நழுவியது. தண்ணீர் விழுகிறதா இல்லையா? அவள் மூச்சு வாங்குகிற இடைவெளியில் காதை நீட்டினார். ஒன்றும் இல்லை. அடுத்த வாக்கியம் தொடங்கிவிட்டது. சோப்புப் போடுகிறானாக இருக்கும். சோப்புக்கு எதற்குச் சத்தம். "ஏனுங்ண்ணா, திருகீட்டீங்களா, இல்ல கண்ணாடியப் பாத்துத் தூங்கறீங்களா?" என்று சிரித்தாள். திருகிக் கொடுத்தார். மாட்டிப் பார்த்து, "ம், இனி அழுதா நிக்கும்" என்று சொல்லிப் போனாள். கேட் சாத்திய பிறகு வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. அடியோடு இல்லை.

சொம்பு இல்லை. குழாய் இல்லை. தும்மல், கனைப்பு, செருப்பு உரசல் எதுவும் இல்லை. நாச்சிமுத்து எழுந்தார். எழுந்தால் கதவுகிட்ட நிற்பதாகிவிடும் என்று மறுபடி உட்கார்ந்தார். தீபன் விழுந்த அன்றைக்குக் கோயம்புத்தூரிலிருந்து போனில் வந்த குரலும் இப்படித்தான், யாருக்கு என்ன ஆனது என்று சொல்லாமல் விட்டது. கடை அடைக்கிற நேரம், பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. "மிதுன் அப்பாங்களா? பசங்க ரூம்ல ஒரு பிரச்சனை. ரெண்டு பேர்ல ஒருத்தன் மாடில இருந்து விழுந்துட்டான். நீங்க கெளம்பி வாங்க." "எந்தப் பையனுங்க சார்?" "வாங்க, நேர்ல பேசிக்கலாம்." பொள்ளாச்சி தாண்டும் வரைக்கும் டாக்ஸியில் அவர் சாமி கும்பிடவில்லை. கணக்குப் போட்டார். தீபன் உயரம், மாடிக் கைப்பிடிச் சுவர் அவனுக்கு இடுப்புக்குக் கீழேதான் வரும், மிதுனுக்கு இடுப்புக்கு மேலே வரும், அப்படியென்றால் விழுவதற்குத் தோதானவன் தீபன்தான் என்று. அவனாக இருக்கட்டும் என்று வார்த்தையாக நினைக்கவில்லை. ஆனால் உயரத்தை அளந்தார். கிணத்துக்கடவு வருவதற்குள் பலதடவை அளந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் ஒரு கட்டிலில் துணிப்பட்டையால் கட்டிய இரண்டு பாதங்களைப் பார்த்தார். கட்டைவிரல் உள்ளே வளைந்த பாதம், பூங்கொடியின் பாதம், மிதுன்தான். அவன் கூரையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான், இவரைத் தெரியவில்லை, நர்ஸம்மாவைக் கடிக்கப் பார்த்தான், ஜுரம் நெருப்பாகக் கொதித்தது. அவருக்கு வந்தது அழுகையா சிரிப்பா, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். பைத்தியமாகவாவது இருக்கிறானே. அந்த வார்த்தையேதான் வந்தது. அதே நேரத்தில் வராந்தாவின் அந்தக் கோடியில் காங்கயத்திலிருந்து வந்த தீபனின் அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் அவள் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க பையன் எப்படிங்க இருக்கறான்?" என்று கேட்டாள். இருக்கிறான் என்கிற சொல்லை எப்படி அவளிடம் சொல்வது. "டாக்டரு பாக்கறாங்கம்மா" என்றார். அது போதும்போல அவள் தலையாட்டினாள்.

இன்னும் சத்தமில்லை. தட்டலாமா. தட்டினால், நான் எப்பவும் நோயாளிதான் என்று அவன் நினைப்பான். தட்டாவிட்டால். குளியலறையில் என்ன இருக்கிறது என்று மனசுக்குள் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஷேவிங் பிளேடை அவர் கடையிலேயே வைத்துவிட்டார். பினாயில் இல்லை. ஜன்னல் ஒரு பூனை போகிற அளவு. தரை வழுவழுப்பு. சுவரில் டைல்ஸ், டைல்ஸில் பூ, அய்யோ, பூப்போட்ட டைல்ஸ். ஏன் அதை மாற்றாமல் விட்டோம். பெட்ஷீட்டில் பூ ஊர்ந்தது என்று வீட்டில் பூப்போட்ட துணியெல்லாம் மூட்டை கட்டிப் போட்டோமே, சுவரில் இருக்கிற பூ ஏன் கண்ணில் படவில்லை. பூங்கொடி தேர்ந்தெடுத்த டைல்ஸ், பதினைந்து கடை ஏறி இறங்கி எடுத்தாள், அதனால்தான் படவில்லை. இப்போது அவன் நனைந்த உடம்போடு நின்று அந்தப் பூவைப் பார்த்துக்கொண்டிருப்பானோ. பூ நகர்ந்து, சுவர் இளகி, தரை ஒரு படி கீழே. குளியலறையில் எங்கே விழ முடியும்? விழ வேண்டியதில்லை, ஒரு பக்கெட் தண்ணீர் போதும். டாக்டரம்மா சொன்னார், எல்லாருக்கும் முழுசா சரியாகும்னு சத்தியம் பண்ண மாட்டேன், உங்க பையனுக்கு நல்லாவே ஆகிட்டு வருது, மாத்திரை நிறுத்தாதீங்க, அந்தக் கருமத்தை இன்னொரு தரம் தொட்டான்னா நான் பொறுப்பில்ல. தொட மாட்டான். தீபனைப் பார்த்தவன் தொட மாட்டான். நினைவு தெளிந்ததிலிருந்து அவன் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான், நான் அவனைப் பிடிக்கலைங்ப்பா, எனக்கும் ஒரு படிதான் தெரிஞ்சுதுங்க, நானும் பின்னாடியே இறங்கலாம்னுதான் இருந்தேன், அதுக்குள்ள செருப்பு கழண்டுச்சு, அத மாட்டறதுக்குக் குனிஞ்சேன். செருப்பு மாட்டக் குனிந்ததால் இந்த வீட்டில் ஒருத்தன் குளித்துக்கொண்டிருக்கிறான். குளித்துக்கொண்டிருக்கிறானா?

எழுந்தே போய்விட்டார். கால் தானாகப் போனது. கதவுக்கு முன்னால் நின்று கையை ஓங்கினார். மரத்துக்கு ஒரு சாண் இப்பால் கை நின்றது. உள்ளே மூச்சுக்கூடக் கேட்கவில்லை, அல்லது தன் மூச்சுத்தான் பெரிதாகக் கேட்கிறது. தட்டாமல், சாதாரணமாகக் கேட்பதுபோல ஒரு கேள்வி தேடினார். எதுவும் சாதாரணமாக வரவில்லை. கடைசியில், "மிதுனு, சோப்பு இருக்குதா கண்ணு?" என்றார்.

உடனே, அடிக்குரலில், கதவுக்கு அந்தப் பக்கம் ஒட்டினாற்போல் பதில் வந்தது. "மைனாவதிக்கா போயிட்டாங்களா?"

"ஆரு?"

"மெதுவாப் பேசுங்ப்பா. அந்தக்கா போயிட்டாங்களான்னு கேட்டேன்."

"போயாச்சு. ஏன்?"

"அப்பாடா." தாழ்ப்பாள் நகர்ந்தது. கதவு ஒரு சாண் திறந்தது. தலையெல்லாம் ஷாம்பு நுரை, முகமெல்லாம் சோப்பு, ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணால் பார்த்தான், இடுப்பில் துண்டு. "தண்ணி நின்னு போச்சுங்க. பக்கெட்டுல இருந்ததும் தீந்து போச்சு. கூப்புடலாம்னா அந்தக்கா வாசல்ல லவுட் ஸ்பீக்கரு மாதிரி ஓடிட்டு இருக்கறாங்க. கண்ணு எரியுதுங்ப்பா. இப்படியே எத்தன நேரம் நிக்கறது? மோட்டாரு போடலீங்களா நீங்க?"

போடவில்லை. தாழ்ப்பாளை நினைத்துக்கொண்டே விடிந்ததிலிருந்து மோட்டாரை மறந்துவிட்டார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். இந்தப் பையன்தான் ஆஸ்பத்திரி வார்டில், பத்துக் கட்டில் ஆட்களும் அவர்களைப் பார்க்க வந்தவர்களும் பார்த்துக்கொண்டிருக்க, போட்டிருந்ததை எல்லாம் உருவி எறிந்துவிட்டு நின்றான். நர்ஸம்மா பெட்ஷீட்டைச் சுற்றச் சுற்ற அவிழ்த்தான், அதில் அவனுக்கு ஒரு கூச்சமும் இருக்கவில்லை. கூச்சம் என்று ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியவில்லை. இன்றைக்குப் பக்கத்து வீட்டு அக்காவின் காதில் தன் குரல் விழக் கூடாதென்று கண் எரியச் சோப்போடு சுவரோரம் ஒண்டி நின்றிருக்கிறான். நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றிலிருந்து வந்தது. நிறுத்தப் பார்த்தார், முடியவில்லை, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"என்னங்ப்பா சிரிக்கறீங்க? இங்க ஒருத்தன் குருடாயிட்டு இருக்கறான்" என்றான் அவன், ஆனால் அவனுக்கும் வாய் ஒரு பக்கம் கோணியது. "சீக்கிரம் தண்ணிக்கு ஒரு வழி பண்ணுங்க."

"சரி, சரி. சாத்திக்க. தாப்பா போட்டுக்க" என்றார். போட்டுக்கொண்டான். அந்தச் சத்தம் இந்தத் தடவை வயிற்றில் விழவில்லை. காதிலேயே நின்றது.

மோட்டார் சுவிட்சைத் தட்டினார். கரண்ட் இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் பார்த்து எங்கோ பராமரிப்பு. சமையல்கட்டுக்குப் போய்க் குடத்துத் தட்டைத் தூக்கிப் பார்த்தார். முக்கால் குடம் தண்ணீர் இருந்தது. குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் குளியலறைக் கதவைத் தட்டினார்.